மனிதரைப் பார்க்காதே என்பது பதிலாகுமா?

கேள்வி: தென் மாவட்டக் கிராமம் ஒன்றில், நான்கு தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் தலித் குடும்பத்தில் பிறந்தவள் நான். வயது 31. சென்னையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு என் ஆச்சி இறந்தபோது, எங்கள் சேகரத்து (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) கல்லறைத் தோட்டத்தில் மேட்டுப் பகுதியில் குழி வெட்டக் கூடாது, எங்கள் தெருவுக்கென்று வழக்கமாக உள்ள ஓடைக்கரையில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் தடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவர். சபையார் கூடிச் சமைத்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு எங்கள் தெருவிலிருந்து அரிசியும் பணமும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் எங்கள் பெண்கள் அடுப்பண்டை போகக் கூடாது. ஆச்சி எழுத்தறியாதவள். தினமும் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பாள்; மேலத்தெருப் பெண்களுக்கும் பிரசவம் பார்த்தவள். சபைக் குருவான ஐயரவர்களிடம் முறையிட்டபோது, "மனுஷரைப் பார்க்காதே அம்மா, இயேசுவைப் பார்" என்றார். என்னுடன் வேலை செய்யும் தோழியோ, "ஒரு மதத்தை அதைப் பின்பற்றுகிறவர்களை வைத்துத்தானே எடைபோட முடியும்?" என்கிறாள். அவள் சொல்வதே எனக்குச் சரியென்று படுகிறது. அப்படி நினைப்பது பாவமோ என்ற அச்சமும் இருக்கிறது. என் ஆறு மாதக் குழந்தைக்கு அந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அம்மா வற்புறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாற்றைக் கற்பித்தும், கிராமச் சேகரங்களில் குருவாக ஊழியம் செய்தும் ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். கேட்ட கேள்விக்கு முதலிலேயே நேரடியாகப் பதில் சொல்லிவிடுவது நல்லது. கிறிஸ்தவத்தை அதைப் பின்பற்றுகிறவர்களின் நடத்தையைக் கொண்டு எடைபோடுவது பாவமன்று. உங்கள் தோழி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் எந்த நடத்தையைத் தராசில் வைப்பது, யாருடைய நடத்தையை வைப்பது என்ற இரண்டு இடங்களில் உங்கள் இருவரிடமிருந்தும் நான் மாறுபடுகிறேன்.

ஐயரவர்கள் சொன்ன வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். எங்களுக்கு வேறு சொல் வராதபோது நாங்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் அது. காயம்பட்ட ஒருவர் இரவில் தனியே முழங்கால் நிற்கும்போது தமக்குத் தாமே அதைச் சொல்லிக்கொண்டால் அது ஜெபம். கல்லறைத் தோட்டத்தின் நிர்வாகம் யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, அவர் காயம்பட்டவரைப் பார்த்துச் சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அதைவிட முக்கியமாக, வேதம் அப்படிச் சொல்லவில்லை. "அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்" என்று மலைப் பிரசங்கத்தில் இயேசு கள்ளத் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சொன்னபோது, பேச்சை விட்டுவிட்டு விளைவைப் பாருங்கள் என்றுதான் கேட்போருக்குக் கற்பித்தார். கடைசி இராப்போஜன வேளையில், சீஷர்கள் ஒருவரிலொருவர் அன்பாயிருப்பதைக் கண்டே அவர்கள் தம்முடைய சீஷர்கள் என்று எல்லாரும் அறிந்துகொள்வார்கள் என்றார். பவுல் ரோமருக்கு எழுதியபோது, வேதம் கைவசம் இருக்கிறது என்று மேன்மை பாராட்டியவர்களைப் பார்த்து, "தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே உங்கள்மூலமாய்த் தூஷிக்கப்படுகிறதே" என்று கடிந்துகொண்டார். புறத்தே இருப்பவர்கள் பின்பற்றுகிறவர்களைப் பார்த்துத்தான் கடவுளை மதிப்பிடுவார்கள் என்பதை அவர் குறையாகக் கருதவில்லை, நடைமுறை உண்மையாக எடுத்துக்கொண்டார். ஆகவே உங்கள் தோழி பேசுவது வேதத்துக்குப் புறம்பான பேச்சன்று.

இதற்கு எதிராக எங்கள் தரப்பில் வழக்கமாக எடுத்துவைக்கும் வாதங்கள் சில உண்டு. அவற்றை வகுப்பறையில் நானே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். இப்போது அவற்றில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

முதலாவது, "அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்கள் அல்லர்" என்பது. உங்கள் ஆச்சிக்குக் குழி மறுத்தவர் ஞானஸ்நானம் பெற்றவர், திடப்படுத்தல் பெற்றவர், கிறிஸ்துவின் பந்தியான நற்கருணையில் அப்பமும் ரசமும் எடுப்பவர், சபையார் வாக்களித்துக் கமிட்டிக்கு அனுப்பியவர். திருச்சபை அவரை எல்லா விதத்திலும் தன்னவர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. தேர்தலின்போதும் காணிக்கையின்போதும் கிறிஸ்தவராக இருப்பவர், கேள்வி எழும்போது மட்டும் கிறிஸ்தவரல்லாதவராக மாறிவிட முடியாது. இரண்டாவது, திருச்சபை என்பது பாவிகளுக்கான மருத்துவமனை என்பது. நீங்கள் செவிலியர், மருத்துவமனையில் நோயாளிகள் இருப்பதைக் கண்டு யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் தொற்றுநோய் இருப்பவரை இனங்காணாமல், சிகிச்சையும் தொடங்காமல், அவரையே வார்டுக்குப் பொறுப்பாளராக நியமிக்கும் இடத்தை நீங்கள் மருத்துவமனை என்று சொல்வீர்களா?

மூன்றாவது வாதம், பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் கணக்கில் காட்டுவது. 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி இன்று எவ்வளவு பெரியது என்பதையோ, பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனரிப் பெண்கள் தொடங்கிய பள்ளிகளையோ நான் குறைத்துச் சொல்லவில்லை; என் தாயார் எழுதப் படிக்கக் கற்றதே அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில்தான். குணமும் குற்றமும் நாடி அவற்றுள் மிகை நாடி மிக்கதைக் கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் சொன்னதை இங்கே மேற்கோள் காட்டுவார்கள். ஒருவரைத் தேர்ந்து ஒரு வினையை ஒப்படைப்பதற்குச் சொன்ன அளவுகோல் அது. வேலூரில் நடந்த நன்மை ஓடைக்கரையில் நடந்த அவமானத்தை எந்தக் கணக்கிலும் கழிக்காது, ஏனென்றால் நன்மை பெற்றவர் வேறு, அவமானப்பட்டவர் வேறு.

நான்காவதாக ஒன்று உண்டு. அது பாதி உண்மை என்பதால் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். சாதி கிறிஸ்தவத்திலிருந்து வரவில்லை, நாம் பிறந்த சமூகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். வந்த வழி அதுதான். ஆனால் சாதி என்ற ஒன்றே இல்லாத தென்னாப்பிரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1829-இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்த சபையின் பேரவை, நற்கருணையை நிறமோ பிறப்போ பாராமல் எல்லா அங்கத்தினருக்கும் ஒன்றாகவே வழங்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1857-இல் அதே சபையின் பேரவை, ஒன்றாக இருப்பதே வேதத்துக்கு ஏற்றது என்பதை ஒப்புக்கொண்டு, ஆனாலும் சிலருடைய பலவீனத்தின் நிமித்தம் தனித்தனியே ஆராதிக்கலாம் என்று இடங்கொடுத்தது. பலவீனம் யாருடையது என்பதைக் கவனியுங்கள்: கறுப்பு நிறத்தவரோடு ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண மனமில்லாத வெள்ளை நிறத்தவருடையது. 1881-இல் அந்தப் பலவீனத்துக்கென்று தனித் திருச்சபையே உருவாயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் நாடு முழுவதும் நிறவெறிச் சட்டங்கள் வந்தபோது, அவற்றுக்கு வேத ஆதாரம் தேடிக்கொடுத்தவர்கள் அந்தச் சபையின் இறையியலாளர்களில் பலர். ஆகவே பிரித்துவைக்கும் ஆசை வெளியிலிருந்து வரலாம். அதற்குக் கோயிலுக்குள் இடங்கொடுப்பது கோயில் எடுக்கும் முடிவு.

என் முதல் மாறுபாடு இங்கேதான். பின்பற்றுகிறவர்கள் தவறு செய்கிறார்களா என்று பார்த்தால் எந்த மதமும் தேறாது. எந்தக் கட்சியும், எந்தக் குடும்பமும் தேறாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வெந்த சோற்றுக்குப் பொருந்தும். இரண்டாயிரம் ஆண்டுகளில், பல கண்டங்களில் வாழ்ந்த கோடிக்கணக்கானவர்களுக்குப் பொருந்தாது. நான் பரிந்துரைக்கும் அளவுகோல் வேறு. ஒரு திருச்சபை எந்தத் தவறுகளைப் பாவம் என்று பெயரிட்டுத் தன் பந்தியில் தடுக்கிறது, எந்தத் தவறுகளை வழக்கம் என்று பெயரிட்டுத் தன் பந்தியில் அமரவைக்கிறது என்று பாருங்கள். நற்கருணையிலிருந்து ஒருவரை விலக்கிவைக்கும் ஒழுங்கு எங்கள் சபைகளில் உண்டு. முறைகேடான திருமணத்துக்காகவும் வெளிப்படையான ஒழுக்கக்கேட்டுக்காகவும் விலக்கப்பட்டவர்களை என் ஊழியக் காலத்தில் பார்த்திருக்கிறேன். கல்லறையில் சாதி பார்த்ததற்காக விலக்கப்பட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. உங்கள் தோழி கிறிஸ்தவத்தின் மீது குற்றம் சாட்ட விரும்பினால் இதைச் சொல்லலாம். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இந்த அளவுகோல் என் கண்டுபிடிப்பன்று. ஆதித் திருச்சபையின் முதல் பெரிய சச்சரவுகளில் ஒன்றே பந்தியைப் பற்றியதுதான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார் என்றும், பவுல் அவரை எல்லார் முன்பாகவும் முகத்துக்கு முகமாக எதிர்த்தார் என்றும் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. விலகியவர் சாதாரண விசுவாசி அல்லர், பேதுரு. தனியே கூப்பிட்டுச் சமாதானம் பேசி முடித்திருக்கலாம். பவுல் அப்படிச் செய்யவில்லை. பந்தியைப் பிரிப்பது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே முரணானது என்றார். யாக்கோபின் நிருபமோ, ஐசுவரியவானை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, தரித்திரனை அங்கே நில் என்று சொன்னால் அது பாவம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எந்தக் கோயிலின் எந்த இருக்கையைப் பற்றி எழுதினாலும் இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

இந்த வேதத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது வலிக்கும் கதை. 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த ராஜநாயக்கன் என்ற பறையர் குலத்துக் கத்தோலிக்கர் அந்த அச்சுப் பிரதியை வாசித்து, தாமாகவே தேடிவந்து தரங்கம்பாடி மிஷனரிகளின் சபையில் சேர்ந்து, தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகத் துன்பங்களுக்கிடையே பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். 1733-இல் வேளாளரான ஆரோன் இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்து ஒருவரைக் குருவாக்கும் காலம் வந்தபோது, ராஜநாயக்கனின் தகுதியில் மிஷனரிகளுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் அவருடைய கையிலிருந்து உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று அஞ்சி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மிஷனரிகள் கொடியவர்கள் அல்லர். தங்கள் நாட்டை விட்டு வந்து காய்ச்சலில் மாண்டுபோனவர்கள் அவர்களிலே பலர். பந்தி கலைந்துவிடுமோ என்று அஞ்சி, பந்தியை அர்த்தமற்றதாக்கினார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து 1833-இல், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருந்தொகையானவர்கள் சபையைவிட்டு வெளியேறினார்கள். இன்றும் நாம் கண்ணீரோடு பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி ஒழிப்பை எதிர்த்தவர்களில் ஒருவர். அவர் பாடல்களை நான் இன்னமும் பாடுகிறேன். பாடும்போது அந்த எதிர்ப்பும் நினைவுக்கு வருகிறது, வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

கத்தோலிக்கர் பக்கத்திலும் கதை இதுவே. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள் வந்து சேரும் வடிவில், கால்சட்டையின் இரு கால்களைப் போலக் கட்டப்பட்டது. ஒன்றில் வேளாளர் முதலானோர், மற்றொன்றில் நாடார்கள். கட்டடக் கலையில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம். பாவத்தைச் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு எழுதிவைத்தார்கள் என்பதே என் எண்ணம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருமார் அந்தத் தடுப்பை அகற்றியபோது, தடுப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி நீங்களே செய்தித்தாளில் வாசித்திருப்பீர்கள்.

இவ்வளவும் உங்கள் தோழிக்குச் சாதகமான சாட்சியம் என்று நினைப்பீர்கள். இனி என் இரண்டாவது மாறுபாட்டைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன். "கிறிஸ்தவத்தைப் பின்பற்றுகிறவர்கள்" என்று உங்கள் தோழி சொன்னபோது உங்கள் இருவர் மனக்கண்ணிலும் நின்றவர்கள் யார்? குழியைத் தடுத்தவர்கள். அந்தக் குழிக்குள் இறக்கப்பட்டவர் உங்கள் கணக்கில் வரவில்லை. தினமும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்தவர், தம்மை அடுப்பண்டை விடாத தெருவுக்கும் போய்ப் பிரசவம் பார்த்தவர், உங்கள் கடிதத்தில் பாதிக்கப்பட்டவராக மட்டுமே வருகிறார், பின்பற்றியவராக வரவில்லை. கமிட்டியில் இருப்பவர்தான் கிறிஸ்தவம், ஓடைக்கரையில் இருப்பவர் கிறிஸ்தவத்தால் அடிபட்டவர் என்று பிரிக்கும்போது, சபையின் உடைமை யாருக்கு என்ற கேள்வியில் கமிட்டிக்காரர் சொல்வதை நாமும் நம்மையறியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

வரலாறு இந்தப் பிரிவினைக்கு இடங்கொடுப்பதில்லை. கன்னியாகுமரிப் பகுதியில் புராட்டஸ்டண்ட் சபைகளைத் தொடங்கிவைத்தவர் யார் என்று கேட்டால் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரியின் பெயரைச் சொல்வார்கள். அவரை அங்கே வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற தலித் மனிதர். சிதம்பரத்துக்கு யாத்திரை போன அவர், வழியில் தஞ்சையில் சுவிசேஷத்தைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்குத் திரும்பி, ஒரு சிறு சபையைச் சேர்த்துவைத்துக்கொண்டு மிஷனரிக்காகக் காத்திருந்தார். யாரும் அவரைத் தேடிப் போய்க் கொண்டுவரவில்லை. அவர்தான் தேடிப் போனார். ராஜநாயக்கனும் அப்படியே. தென்னாப்பிரிக்காவில், தனியே ஒதுக்கப்பட்ட அந்த 1881-ஆம் ஆண்டுத் திருச்சபைதான் 1982-இல் பெல்ஹார் என்ற இடத்தில் கூடி, பிரிவினையை நியாயப்படுத்தும் போதனையை நிராகரிக்கும் விசுவாச அறிக்கையை எழுதி, 1986-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதே 1982-இல் சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பு நிறவெறிக்குக் கொடுக்கப்பட்ட இறையியல் ஆதரவை வேதப்புரட்டு என்று அறிவித்தது. ஒதுக்கியவர்களை நியாயந்தீர்க்கும் சொற்கள் வெளியிலிருந்து வரவில்லை. ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தன. அதைக் கிறிஸ்தவத்தின் கணக்கில் எழுதாமல் யாருடைய கணக்கில் எழுதுவது?

மனிதரைப் பார்க்காமல் கொள்கையை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே எடுத்துக்காட்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை திருத்தப்படவில்லை. அதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட நியாயம், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது. புத்தகத்தைப் பார்த்தால் அது உண்மைதான். உங்கள் தெருவைப் பார்த்தால் அது பொய். ஐயரவர்களின் வாக்கியம் சட்டமானால் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் கல்விச் சலுகைக்கான சான்றிதழ் வாங்கப் போனபோதே அறிந்திருப்பீர்கள்: மதம் மாறியவர் என்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை, ஆனால் ஓடைக்கரை மட்டும் உண்டு. ஆகவே உங்கள் தோழியின் கேள்வியை நான் தள்ளவில்லை; இன்னும் நிறையப் பேரைப் பார்க்கச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை முடிப்பது நேர்மையாகாது. குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டில், ஒரு கிராமத்தில், முதியவர் ஒருவரின் சவப்பெட்டி கோயில் தெரு வழியே வரக் கூடாது என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். ஐப்பசி மழை, வயல் வரப்பு வழியே பெட்டியைத் தூக்கி வந்தார்கள், அதில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். நான் வெள்ளை அங்கியின் ஓரத்தைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே வரப்பில் முன்னால் நடந்தேன். மக்களோடு நடந்தேன் என்று அப்போது எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் தெருக்காரர்களுக்கு வரிசையாக நற்கருணை கொடுத்தேன், ஒருவரையும் நிறுத்தவில்லை. உங்கள் தோழி கிறிஸ்தவத்தை எடைபோடும்போது அந்த ஞாயிற்றுக்கிழமையையும் தராசில் வைக்கட்டும்.

இனி நடைமுறை. அந்தச் சபையிலேயே இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அவமானம் நடக்கும் இடத்தில் பொறுமையோடு இருப்பது உங்கள் ஆச்சியின் விசுவாசமாக இருந்தது. அது உங்களுக்கும் கடமையாகிவிடாது. டாக்டர் அம்பேத்கர், மதமாற்றம் தீண்டப்படாதோரின் நிலையை மாற்றியிருக்கிறதா என்ற கேள்வியையே கிறிஸ்தவத்திடமும் கேட்டார். விடை திருப்தியளிக்காததால் 1956-இல் வேறு வழியில் போனார். அந்தக் கேள்வியைக் கேட்டவரை எந்தக் கிறிஸ்தவரும் குறைசொல்ல முடியாது. போவதானால் கோபத்தோடு போங்கள், குற்றவுணர்ச்சியோடு போகாதீர்கள்.

குழந்தையின் ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை, அவசரம் ஒன்றும் இல்லை என்பதை அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். சென்னையில் நீங்கள் செல்லும் சபையிலேயே அதைச் செய்யலாம். ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் கொடுத்தாலும் ஒன்றுதான், அதை எந்தச் சேகரக் கமிட்டியும் சொந்தம் கொண்டாட முடியாது. ஊர்க் கோயிலிலேயே என்று நீங்கள் தீர்மானித்தால், அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கல்லறைத் தோட்டத்தில் தெருவாரியாக இடம் பிரிக்கப்பட்டிருப்பது எந்தக் கூட்டத்தின் எந்தத் தீர்மானத்தின்படி என்று கேட்டுச் சேகரக் கமிட்டிக்கு எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள். நகலைப் பேராயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் "வழக்கம்" என்பார்கள். அந்த வழக்கத்தைத் தீர்மானப் புத்தகத்தில் தேதியிட்டுக் கையெழுத்திட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், சொல்லத் துணிந்தவர்கள் பலர் எழுதத் துணிவதில்லை. எழுத முடியாத ஒன்றை நடைமுறையில் வைத்திருப்பது கடினமாகிவிடும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. உங்கள் சபை வேறானாலும், அப்படி ஒப்புக்கொள்வது திருச்சபைக்கு இயலாத காரியமன்று என்று காட்ட அதைச் சுட்டிக்காட்டலாம். விண்ணப்பத்தில் தனியே கையெழுத்திடாதீர்கள். உங்கள் தெருவில் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேலத்தெருவிலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆச்சி கையில் பிறந்தவர்கள் அந்தத் தெருவில் இருப்பார்கள் அல்லவா?

பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக யாரை நிறுத்துவது என்பதையும் யோசித்து வையுங்கள். கமிட்டி என்ன பதில் தருகிறது, அல்லது எத்தனை மாதம் பதில் தராமல் இருக்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள். பேராயர் அலுவலகத்துக்கு அடுத்த கடிதத்தை எந்த முறையில் எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.